அறுநூறு மீற்றர்

மூன்று மணிக்குள் அறிக்கையில் கையெழுத்து வேண்டும் என்றான் முதலாளி கீதன். போடாவிட்டால் நாளைக்கு வரத் தேவையில்லை என்று சிரித்தபடி சொன்னான். சொல்லிவிட்டும் போகாமல் மேசையருகே நின்றான். அதுதான் துவாரகாவை உறுத்தியது.

ஸ்காபரோவில் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அலுவலகம். கீழே கொத்துரொட்டிக் கடை. மேலே பௌதிகம் படித்த ஏழு பேர். குண்டு வெடித்தால் எந்தக் கட்டடம் தாங்கும் என்று கணக்கிடுவது அவர்கள் தொழில். இம்முறை அணுகுண்டு. கேட்டவர்கள் படைத்துறைக்காரர். எந்த நாட்டுப் படை என்று கீதன் சொல்லவில்லை.

துவாரகா அறிக்கையை மறுபடி புரட்டினாள். வழக்கமாக, குண்டு வெடிக்கும் உயரத்தைக் கணக்குக் கேட்பவர்கள் தருவார்கள். சுவர்களை இவள் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். இதில் சுவர்களை மாற்றச் சொல்லவில்லை. உயரம்தான் ஐம்பது ஐம்பது மீற்றராக ஏறியது. அறுநூறில் அதிக வீடுகள் விழுந்தன. அந்த வரிக்கு யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். அவள் பூசவில்லை.

"கீதன் அண்ணை, உது சனத்தைக் காப்பாத்திற கணக்கோ?"

"ஓம். பங்கர் எங்க கட்டுறதெண்டு பாக்கத்தான்."

"வன்னியில சண்டைநேரம் பங்கருக்குள்ள பதுங்கி இருந்தனீங்கள்தானே. செல் எந்த உயரத்தில வெடிக்கவேணுமெண்டு ஆரும் உங்களைக் கேட்டவையே?"

"கேட்டிருந்தா வேற ஊரைக் காட்டியிருப்பன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மஞ்சள் ஆர் அடிச்சது?"

"அவங்களுக்கு லேசா விளங்கட்டுமெண்டு நான்தான்."

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். முந்திய அறிக்கைகள் எல்லாவற்றிலும் மேலே கீதனின் பெயர், கீழே அவளுடையது. இதில் அவள் பெயர் மட்டும்.

"உங்கட பேர் எங்க?"

"கணக்குப் பாத்தது நீர்தானே. குண்டு போடுறதோ விடுறதோ அவங்கட முடிவு. எங்களுக்கு என்ன?"

"ஒண்டுமில்லையெண்டா நீங்களே போடுங்கோ, அண்ணை."

பேனாவை நீட்டினாள். கீழே கொத்துரொட்டி கொத்தும் சத்தம். கீதன் பேனாவைப் பார்த்தான். கையைக் காற்சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

துவாரகா தன் பெயரைக் குறுக்கே வெட்டினாள். கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"யோசிச்சுத்தான் செய்யிறீரோ?"

"ஓம்."

கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். வெட்டிய தாளைக் கீதன் கசக்கிக் கூடைக்குள் போட்டான். பெயர் போடாத புதிய தாளொன்றை அச்சடிக்கக் கொடுத்தான். பிறகு அடுத்த மேசைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"சஜிதா, ஒருக்கா வாறீரே."