மில்லியனா, பில்லியனா?

மைனர் பாடம் எது என்று ஜெபா திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அவள் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தோடு வேறொரு துறையின் பாடத்தையும் துணையாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் மைனர் என்று பெயர். கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற அவள் அப்பா தாவீது அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த மைனர்களெல்லாம் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாகச் சினிமாவில் திரிகிறவர்கள். சிரித்து முடித்ததும், எதை எடுத்தால் வேலை கிடைக்குமோ அதை எடு என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

வேலை என்று பேச்சு வந்தால் அம்மாவின் தம்பி ஜான்சன் சொல்வதுதான் வீட்டில் எடுபடும். அவர் மறைமலை நகரில் கார் கம்பெனி சூப்பர்வைசர். பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்.

"வெறும் இங்கிலீஷ வெச்சிகினு இன்னா பண்ணுவ? கம்ப்யூட்டர எடு," என்றார்.

ஜெபாவுக்கும் அதில் மறுப்பில்லை. படிவத்தில் பென்சிலால் கம்ப்யூட்டர் என்று எழுதி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் அவள் மாமல்லபுரம் போவாள். அங்கே பக்தவச்சலம் என்பவரின் மாவுக்கல் சிலைக் கடையில், வெளிநாட்டவர் வந்தால் பேசுவதற்கு அவள்தான். அந்த ஞாயிறு, முப்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் சின்ன யானை ஒன்றை வாங்கினாள். போகிற போக்கில், கடைக்குப் பின்னால் எழும்பி நின்ற பாறையைக் காட்டி அதற்கு என்ன வயது என்று கேட்டாள். ஜெபா எப்போதும் சொல்வதுபோல ஆயிரத்து முந்நூறு வருஷம் என்றாள். அந்தப் பெண் தயங்கிவிட்டு, செதுக்கிய காலத்தைக் கேட்கவில்லை, கல்லின் வயதைக் கேட்டேன் என்றாள்.

ஜெபாவுக்குத் தெரியவில்லை. முதலாளியைக் கேட்டாள்.

"கல்லுக்கு ஏதும்மா வயசு? அது பாட்டுக்கு கீது," என்றார் பக்தவச்சலம்.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கேள்வி போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபா போனில் தேடினாள். ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி வருஷம் என்று வந்தது. ஏதோ தப்பு என்று நினைத்து வேறு இடத்தில் பார்த்தாள். அங்கேயும் அதேதான். பூஜ்யங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். மரம் முளைக்கும் முன், மீன் நீந்தும் முன், கண் என்று ஒன்று எந்த உயிருக்கும் வரும் முன், அந்தக் கல் இருந்திருக்கிறது. ஆடு ஏறி நிற்கிற கல். ஜனங்கள் சாய்ந்து செல்ஃபி எடுக்கிற கல். பத்து மாதமாக அதில்தான் அவளும் முதுகைச் சாய்த்து டிபன் சாப்பிட்டிருக்கிறாள். வெளியே திருக்கழுக்குன்றத்துப் பாறைகள் வெயிலில் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. செங்கல்பட்டு வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டக்டர்தான் தட்டி இறக்கினார்.

மறுநாள் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பேனாவால் நிலவியல் என்று எழுதிக் கொடுத்தாள். ஆங்கில வகுப்பின் அறுபது பேரில் அவள் ஒருத்திதான். விஷயம் தெரிந்த ஜான்சன் மாமா இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை.

முதல் சில மாதம் அழாத குறைதான். கனிமங்களின் பெயரே நாக்கில் நிற்கவில்லை. பாதியில் விட்டுவிடலாமா என்றிருந்தபோது ஒரு நாள் லேபில் நுண்ணோக்கி முன்னால் உட்காரச் சொன்னார்கள். ரோட்டோர ஜல்லிக் குவியலில் கிடக்கிற அதே கறுத்த கல்லை, வெளிச்சம் ஊடுருவிப் போகும் அளவுக்கு மயிரிழையைவிட மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். கண்ணை வைத்து, கல் இருந்த வட்டத் தட்டைத் திருப்பினாள். சாம்பல் மஞ்சளானது, மஞ்சள் நீலமானது, ஒரு மூலையில் சிவப்பு எரிந்து அணைந்து மறுபடி எரிந்தது. ஜல்லிக்குள் இத்தனை நிறம் இருந்திருக்கிறது. யாரும் பார்க்காமலே இருந்திருக்கிறது. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தும் அவள் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு விடுவது என்ற பேச்சே வரவில்லை.

பட்டம் வாங்கினாள். வேலைதான் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் பி.எட். கேட்டார்கள். கால் சென்டர் ஒன்றில் எடுத்துக்கொண்டார்கள், மூன்றே மாதத்தில் அந்தக் கிளையையே மூடிவிட்டார்கள். ஓர் இன்டர்வியூவில், ஆங்கிலமும் நிலவியலுமா, கல்லுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பாயா என்று ஒருவர் கேட்க, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெபாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, ரயிலில் செங்கல்பட்டு வரும்வரை யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள். அன்று மாமாவே வீட்டுக்கு வந்திருந்தார். சொல்லிக்காட்டுவார் என்று பயந்தாள். அவர் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அது இன்னும் வலித்தது.

எட்டாவது மாதம், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் ஒரு சென்னை நிறுவனம் எழுத்துத் தேர்வுக்கு அழைத்தது. பிழைகள் உள்ள ஒரு கட்டுரைப் பக்கம். ஒரு மணி நேரம். இருபது பிழையில் பதினெட்டையாவது கண்டுபிடிக்க வேண்டும். ஜெபா தாளைப் புரட்டினாள். கட்டுரை தமிழ்நாட்டுக் கரையோரப் பாறைகளைப் பற்றியது.

கமா, ஒருமை பன்மை, விட்டுப்போன சொல் என்று திருத்திக்கொண்டே வந்தவள் ஓர் எண்ணில் நின்றாள். 2.5 மில்லியன் ஆண்டு என்று இருந்தது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது இருபத்தைந்து லட்சம்தான். அச்சிட்ட எண்ணை அடிக்கலாமா என்று கை தயங்கியது. அடிக்கவில்லை. ஓரத்தில், "இது பில்லியனாக இருக்க வேண்டாமா? ஆசிரியரிடம் உறுதிப்படுத்தவும்" என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். ஜெபாவுக்குப் பதினேழு. பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டாள். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். திருத்துவோர் குழுவின் தலைவி திவ்யா, கையில் அவளுடைய தாள்.

"இந்தக் கேள்விய ஏன் எழுதுனீங்க?"

"அந்தப் பாறைங்க வயசு எனக்குத் தெரியும் மேடம். மில்லியன்னு போட்டா ஆயிரம் மடங்கு கொறஞ்சிடும்."

திவ்யா அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாங்க வேணும்னே வெச்ச தப்பு இருபதுதான். இது அதுல இல்ல. தேர்வுக்கு எடுத்தது நெஜமான கட்டுரை, நாலு நாள்ல அச்சுக்குப் போகுது. மூணு பேர் பாத்தாச்சு, நானும் பாத்தேன்."

ஜெபாவை உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டுரை எழுதிய ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர் ஜெர்மனியில் இருந்தார். நாற்பது நிமிடம் கழித்துப் பதில் வந்தது. பில்லியன்தான் என்றும், தானே தவறாகத் தட்டச்சு செய்துவிட்டதாகவும், கண்டுபிடித்தவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் நிலவியலாளராக இருக்கிறார் என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தார். திவ்யா அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். ஜெபா தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள்.

அடுத்த திங்கள் வேலைக்குச் சேர்ந்தாள். ஜான்சன் மாமா கேக் வாங்கி வந்து, "கல்லுதான் சோறு போட்டுச்சு, இன்னா," என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னார்.

வேலை என்னவோ உட்கார்ந்த இடத்து வேலைதான். கழுத்து வலிக்கும், கெடு துரத்தும். ஆனால் உலகத்தில் வேறு யாரும் இன்னும் படிக்காததை அவள் காலையில் டீ குடித்துக்கொண்டே படித்தாள். எரிமலைக்குள் இருந்து வந்த வைரம், கடலுக்கடியில் நகரும் மலை என்று தினம் ஒன்று வந்தது. ஒரு நாள் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எப்போதோ எரிமலைச் சாம்பல் மேல் மழை பெய்திருக்கிறது. துளி விழுந்த குழிகள் இறுகிக் கல்லாகி அப்படியே இருக்கின்றன. அதற்கு வயது இருநூற்று எழுபது கோடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் பெய்த தூறல் மாதிரியே இருந்தது. திருத்த வேண்டிய கமாக்கள் காத்திருக்க, அவள் கை மவுஸின் மேல் அசையாமல் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னாள். சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த பொன்னி, முகம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ யாருனா இருந்தாங்களா?"

"யாரும் இல்லம்மா. ஒரு புல்லுகூட இல்ல."

"யாருமே இல்லாமயா பேஞ்சிச்சு?"

"ஆமாம்மா."

பொன்னி முகத்தைத் துடைக்க மறந்து நின்றாள். பிறகு, துளி எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். ஜெபா தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். பொன்னி அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் வெளியே பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த தாவீதை, "இன்னாங்க, கொஞ்சம் உள்ள வாங்க, இத்த கேளுங்க," என்று கூப்பிட்டாள்.