ஏழாவது பந்து

சிலோன் கிரிக்கெட் அணி பதினைந்து நாள் பயணமாக வந்திருந்தது. பெங்களூரில் ஆடிவிட்டுச் சேலம் போகிற வழியில் தருமபுரியில் அரை நாள் ஆடச் சம்மதித்தார்கள். அது 1968, மாசி மாதம். அந்த ஆட்டத்துக்கு நான் நடுவரானது என் விருப்பத்தால் அல்ல.

பகலில் கடலைக்காய் மண்டியில் அளந்து போடுகிற வள்ளப் படிகளை எண்ணுவது என் வேலை. மாலையில் ஆங்கில வகுப்பு. அங்கே வாசித்துப் பழக எனக்குக் கிடைத்தது கிரிக்கெட் விதிகள் புத்தகம். ஆறு மாதத்தில் அது மனப்பாடமாகிவிட்டது. ஆட்டத்தை நேரில் பார்த்தது நான்கே முறை. சேலத்து நடுவர் காய்ச்சல் என்று தந்தி அடித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வேண்டாங்க, தப்பாப் போயிடும்" என்றேன்.

"செபாஸ்டின், அந்தப் புத்தகத்தையே முழுங்கினவரு நீங்க. நடுவரு ரெண்டு பேரு, அவங்க ஆள் ஒருத்தரு, நம்ம ஆள் ஒருத்தரு. சும்மா வந்து நில்லுங்க" என்றான் எங்கள் விக்கெட் கீப்பர் அர்ச்சுனன்.

ஓவருக்கு ஆறு பந்து. கணக்குத் தவறாமலிருக்க ஆறு கூழாங்கல் கொடுத்தார்கள். வாங்கவில்லை. எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லாத காரியங்கள் ஏராளம். எண்ணுவது மட்டும் அதில் சேராது.

இருபது ஓவரில் நாங்கள் எடுத்தது தொண்ணூற்றாறு. சிலோன்காரர்கள் சிரித்துக்கொண்டேதான் ஆட வந்தார்கள். அரூர் பஸ் கண்டக்டர் தீர்த்தகிரி பந்து வீச வந்ததும் சிரிப்பு நின்றது. ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்றுப் பாயில் விழுந்த பந்து அவனுக்கென்றே எகிறியது. ஆறு விக்கெட் அவனுக்கு. அவன் பத்தொன்பதாவது ஓவரைத் தொடங்கும்போது அவர்கள் ஒன்பது விக்கெட்டுக்குத் தொண்ணூற்று மூன்று. இன்னும் நான்கு ரன் எடுத்தால் அவர்கள் ஜெயிப்பார்கள். ஒரு விக்கெட் விழுந்தால் நாங்கள்.

மட்டை பிடித்தவர் அவர்களின் துணைத் தலைவர் தவராசா. எதிர்முனையில் நின்றவன் கடைசி ஆட்டக்காரன், மட்டையைத் துடைப்பம்போலப் பிடித்திருந்தான். அவனிடம் பந்து போய்விடக் கூடாது என்று தவராசா ஓடக்கூடிய ரன்களுக்கும் ஓடாமல் நின்றார். பந்துகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசிப் பந்து அவர் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து நடுக் குச்சியைப் பிடுங்கியது.

மைதானமே எழுந்து கத்தியது. அந்தச் சத்தத்துக்குள் ஸ்கோர் எழுதும் பச்சியப்பன் நோட்டோடு ஓடி வந்தான்.

"அய்யோ, அது ஏழாவது பந்துங்க!"

முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். மண்டியில் முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லமாட்டோம், 'லாபம்' என்போம். அடுத்தது 'ரெண்டு'. இந்த ஓவரின் முதல் பந்துக்குப் பதற்றத்தில் என் வாய் 'லாபம்' என்றது. இது மண்டி இல்லையே என்று சுதாரித்து, இரண்டாவது பந்தை 'ஒன்று' என்று ஆரம்பித்திருக்கிறேன். ஆறு என்று நான் முடித்தது ஏழு.

அர்ச்சுனன் என் காதருகே வந்தான். "ஆறுன்னு சொல்லிடுங்க. பச்சியப்பன் எழுதினதுதான் தப்புன்னு ஆயிடும்."

தீர்த்தகிரி இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தான்.

"ஏழுதாங்க" என்றேன் உரக்க. "என் தப்பு."

"மண்டிக்காரரே, கல்லக்காயும் இப்படித்தான் அளக்கறீங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். சிலர் சிரித்தார்கள், பலர் திட்டினார்கள். தவராசா மட்டையைத் தோளில் சாய்த்தபடி என்னை நோக்கி நடந்து வந்தார். அவர்களுடைய நடுவரும் வந்தார்.

விதி எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் பயம். நம்மூர் ஆள் நம்மூருக்கே தீர்ப்புச் சொல்கிறான் என்பார்களே! புத்தகத்தில் உள்ளது உள்ளபடி ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்: நடுவர் தவறாக எண்ணினாலும் அவர் எண்ணியதே ஓவர். அவர்களுடைய நடுவர் தலையசைத்தார்.

தவராசா தமிழில் பேசினார். "தம்பி, நானும் எண்ணினனான். ஆறு முடிஞ்சது எனக்கும் தெரியும். அடுத்த ஓவரை அந்தப் பெடியன் ஆடவேணும், அவனை நம்பேலாது. இன்னொரு பந்து எனக்கு வருகுதெண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டனான். நீர் மறைக்கேல்லை, நான்தான் மறைச்சனான். சொல்லும், நான் அவுட்டோ?"

"அவுட்டுங்க" என்றேன். குச்சி பிடுங்கப்பட்டால் விரலைத் தூக்கத் தேவையே இல்லை. தூக்கினேன்.

தவராசா மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தீர்த்தகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குமேல் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்த முடியவில்லை. பச்சியப்பன் நோட்டைத் தலைக்குமேல் பிடித்து, "மூணு ரன்னுல ஜெயிச்சோம்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அரூர் பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குதித்து வந்து தங்கள் கண்டக்டரைத் தோளில் தூக்கினார்கள். என்னைத் திட்டியவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

நான் அதே இடத்தில் நின்றிருந்தேன். அர்ச்சுனன் திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

"விரலைக் கீழே இறக்குங்க சாமி, எல்லாரும் அவுட்டாயிட்டாங்க!"