கை பழகிய இடம்

சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சித்திதான் அலறினாள். "அக்கா, உன் கழுத்துல சங்கிலி எங்கே?"

அம்மா கழுத்தைத் தடவினாள். "காலையில இருந்துச்சே," என்றாள், அவ்வளவுதான். பெற்ற பிள்ளை ஏணியிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கிறான், சங்கிலிக்கா அழுவாள்?

ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் ஒரே ஆள் மேல் போய் நின்றன. சுண்ணாம்பு. வெள்ளையடிப்பதால் வந்த பட்டப்பேர். அண்ணனோடு ஜெயிலில் இருந்தவன். வெளியே வந்ததும் சுவருக்குப் பெயின்ட் அடிக்க அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அண்ணன் உயிர் போனதும் அவன் மடியில்தான்.

தம்பி வாசற்கதவைச் சாத்தினான். "அக்கா, நீயே கேளு. நான் கேட்டா அடிச்சிடுவேன்."

செத்தவனுக்குத் தங்கையான அவள் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறவள். குற்றம் ஏன் நடக்கிறது என்பதுதான் அவளுடைய பாடம். வறுமை என்பார்கள், சேர்க்கை என்பார்கள். அதெல்லாம் போக, ஒருவனைத் திருடன் திருடன் என்று ஊரே சொன்னால் கடைசியில் அவனுக்குப் பிழைக்க வேறு பேரே மிஞ்சாது என்று போன வாரம்கூடத் தொண்டை வறளப் பேசினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த டீச்சர் இப்போது எங்கே போய்த் தொலைந்தாளோ! இவர் எடுத்திருக்க மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தாள். ஒருவேளை எடுத்திருந்தால்?

"தப்பா நினைக்காதீங்க அண்ணே. பாக்கெட்ட மட்டும் காட்டிட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி."

சுண்ணாம்பு அவளை நிமிர்ந்து பார்த்தான். "என் தங்கச்சி ஒருத்திதான் நம்மளப் புரிஞ்சவன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்மா, உங்கண்ணன்."

கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டான். ஒரு சீப்பு, பெயின்ட் காய்ந்த கைக்குட்டை.

"சட்டையக் கழட்டச் சொல்லு," என்றான் தம்பி.

அப்போதுதான் அம்மா எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போனாள். அரிசி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முழங்கை வரை வெள்ளைத் தூசி, கையில் சங்கிலி.

"பெரியவனைக் கொண்டு வர்றாங்கன்னு சொன்னாங்க," என்றாள். "அவன் வர்றான்னாலே கழட்டி ஒளிச்சு வெச்சுத்தானே பழக்கம்? கை தானாப் போயிடுச்சு..." பெட்டி மேல் விழுந்தாள். "திருந்திட்டேம்மா, திருந்திட்டேம்மான்னு எத்தனை தடவைடா சொன்னே!"

 மகளுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. "அண்ணே..." என்றாள்.

"நேரமாச்சு. தூக்கலாம்," என்றான் சுண்ணாம்பு.

தம்பி தலையைக் குனிந்துகொண்டே கதவைத் திறந்தான். சுண்ணாம்பு கால்மாட்டில் தோள் கொடுத்தான். இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தன. இழுத்துவிட்ட பைகளை அவன் உள்ளே தள்ளவில்லை. அவை வெளியே தொங்கியபடியே தெருவில் நடந்தான். அவள் அவன் பின்னால் நடந்தாள்.