ஏழுமலையின் வேன் கூலிச் சீட்டுகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, ஃபேன் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடும். நல்ல மனசுக்காரி ஒருத்தி செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அவளைத் திட்டாதீர்கள். அவளே தன்னைப் போதும் போதுமென்று திட்டிக்கொண்டாயிற்று.

மாதங்கி என்று பெயர். ஹவுராவுக்கு ஆற்றின் இக்கரையில், டாக்குரியாவில் வீடு. டாலிகஞ்சில், மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறாள். "சீட்டு இல்லாத செலவுக்குப் பணம் கிடையாது" என்று அந்த ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அது அவள் கைப்பட எழுதியதுதான்.

ஏழுமலை அங்கே மெக்கானிக். திண்டிவனத்துக்காரர். ஹவுராவில் இருக்கும் வாடிக்கைப் பட்டறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. பழுதான மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக நடக்க முடியுமா? மிதித்து ஓட்டுகிற மூணு சக்கரப் பலகை வண்டியில் ஏற்றுவார், அதைத்தான் அங்கே வேன் என்பார்கள். ஒரு நடைக்கு எண்பது ரூபாய். ஒரு மாசம் வேன் கூலிக்கென்று ஆறு சீட்டு கொடுத்திருந்தார். ஆறும் ஆறு வேன்காரர் பெயரில். ஆனால் எழுத்து ஒன்று, பேனா ஒன்று. போதாததற்கு ஒவ்வொன்றின் அடியிலும் கிரீஸ் கறை வேறு.

கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த அறையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை. ஏமாற்றப்பார்க்கிறானே என்ற கோபம் முந்திக்கொண்டது.

திங்கட்கிழமை காலையில் எல்லாரும் கூடுவது வழக்கம். ஏழுமலையை சர்வீஸ் இன்சார்ஜ் ஆக்குவதாக முதலாளி ரமேஷ்பாபு அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் மாதங்கி ஆறு சீட்டையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

"ஏழுமலை, இது யார் எழுத்து?"

"என் எழுத்துதான் மேடம்."

சிரிப்பு வெடித்தது. கடைக்கோடியில் இருந்த இன்னொரு மெக்கானிக் தேபாஷிஷ், "ஏழுமலை அண்ணே, உங்க வேன்காரங்க ஆறு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட படிச்சாங்களோ?" என்றான். ஏழுமலை என்னவோ சொல்ல வாயெடுத்தார். யாரும் கேட்கிறாப்போல் இல்லை.

அப்புறம் ரமேஷ்பாபு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்சார்ஜ் பேச்சு இப்போ வேணாம். நீயே ஹவுரா போய் விசாரிச்சுட்டு வாம்மா. பொய்யின்னா வேலையை விட்டே அனுப்பிடலாம்."

மறுநாள் போனாள். பட்டறை வாசலில் வேன் மேலேயே உட்கார்ந்து தோள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். நிமாய் என்று பெயர். ஆறு சீட்டில் ஒன்று அந்தப் பெயரில்தான். அவள் நீட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தீதி. ஆனா இது என் விரல்," என்று கிரீஸ் கறையைத் தொட்டுக் காட்டினார். அந்த ஊரில் அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா. "இந்தப் பக்கம் எங்கள்ல யாருக்கு எழுதத் தெரியும்? ஆபீஸ்ல காகிதம் கேக்கறாங்கன்னு மெட்ராஸி தாதாவே எழுதுவாரு. எண்பது ரூபாய்னு ரெண்டு தரம் படிச்சுக் காட்டிட்டுத்தான் விரல் வைக்கச் சொல்வாரு. விரல்ல தடவ மைக்கு எங்க போறது? மோட்டார்லேர்ந்து துளி கிரீஸ்."

மாதங்கி சீட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ரேகை ரேகையாகத் தெரிந்தது.

"தாதாவுக்கு ஏதாவது தொந்தரவா தீதி?"

"இல்லையே," என்றாள். அந்தப் பொய்யும் அவள் கணக்கில் சேர்ந்தது. மற்ற ஐந்து பேரையும் தேடிப் பிடித்துக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

ரமேஷ்பாபு கேட்டுவிட்டு, "சரி, எனக்குத் தெரிஞ்சாச்சு. பணத்தைக் குடுத்துடு, அவன்கிட்ட தனியா ஒரு சாரி சொல்லிடு. போதும்," என்றார்.

"போதாது சார். சிரிச்சது எல்லாரும்தானே."

அடுத்த திங்கட்கிழமை எழுந்து நின்றாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். காகிதம் வேணும்னு கேட்டதே தான்தான் என்பதையும், பக்கத்து அறைக்குப் போய்க் கேட்காததையும். தேபாஷிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் சந்தேகம் வந்தால் முதலில் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது, முழுக்கக் கேட்டுவிட்டு நேரில் சரிபார்ப்பது, அதுவரை வெளியே மூச்சு விடாதது என்று ரமேஷ்பாபு சொல்லிவிட்டார். இன்சார்ஜ் வேலையையும் அன்றைக்கே கொடுத்தார்.

ஏழுமலை, "சரி மேடம், பரவாயில்ல," என்றார். அவ்வளவுதான். கோபித்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு நெஞ்சின் பாரம் இறங்கியிருக்கும்.

அதற்கப்புறம்தான் போட்டோ வர ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவை வேன் பிடிக்கும்போதும், வேன்காரரையும் மோட்டாரையும் பக்கத்தில் நிறுத்தித் தன்னையும் சேர்த்துப் படமெடுத்து அவள் போனுக்கு அனுப்பிவிடுவார். யாரும் கேட்கவில்லை.

"இதெல்லாம் வேணாம் ஏழுமலை. உங்க வார்த்தை போதும்."

"இருக்கட்டும் மேடம். ஒரு பாதுகாப்புக்கு."

இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. படத்தில் நிமாய் பல் தெரியச் சிரிக்கிறார். ஏழுமலை சிரிப்பதில்லை. மாதங்கி ஒன்றைக்கூட அழிப்பதில்லை, கண்ணுகளா. திறந்து, முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்கிற காது இருக்கட்டும். வெளியே உழைத்துவிட்டு வருகிறவர்கள் தலை நிமிர்ந்து வாசல் ஏறட்டும். அடுப்பு அணையாமல், மனசு குளிர்ந்து, எல்லாரும் நன்றாக இருங்கள்.