இடது தோளில் படாத பெல்ட்

ஃபஹ்மியா பெண்கள் பக்கத்தில் படம் எடுப்பவள். கல்யாண வீடுகளில் மணப்பெண்ணின் அறைக்குள் ஆண்களின் கெமரா போகாது, அவளுடையது போகும். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் செய்து இடது மார்பை எடுத்த பிறகு நெடுநாளாக அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கை சுகமில்லை என்றே அவளது கணவன் மர்ஸூக் சொல்லிவந்தான்.

உச்சமுனையிலிருந்து ஒரு தாய் தேடி வந்து, மகளின் கல்யாணத்தில் படம் எடுக்கக் கேட்டபோது ஒத்துக்கொண்டாள். களப்பைத் தாண்டிப் படகில் போகவேண்டிய இடம். இடது பக்கம் பாரம் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பழைய கெமரா பெல்ட்டோ இடது தோளில் தொங்குவது. புதிது வாங்க இருவரும் புத்தளத்துக்குப் போனார்கள்.

கடைக்காரர் ஜபார் அவளை முன்பே அறிந்தவர்; அண்ணன் முறையில் அவரை அவள் நானா என்றே கூப்பிடுவாள். முதலில் கழுத்தில் மாட்டுவதைக் கொடுத்தார். குனிந்து பார்த்தாள், கெமரா ஆடி மேசையில் இடித்தது. பிறகு குறுக்காகப் போடும் பெல்ட்டைக் காட்டி, படகுக்கு இதுதான் பாதுகாப்பு என்றார். வலது தோளில் போட்டாள். பாரம் இறங்கியதும் அது தழும்பில் உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள்.

தோளை மாற்றிப் போடச் சொன்னார் ஜபார். மர்ஸூக் முந்திக்கொண்டு, இடது தோள் உளுக்கு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றான். அப்படியென்றால் இதுவே நல்லம் என்று அவர் அதைப் பையில் போட எடுத்தார்.

"உளுக்கு இல்ல, நானா," என்றாள் ஃபஹ்மியா. "கேன்சர். இடது மார்ப எடுத்துட்டாங்க. இனி அந்தப் பக்கம் ஒண்டும் அழுத்தக்கூடாது."

மர்ஸூக் ரோட்டைப் பார்த்தான். ஜபார் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு உள்ளே போய் இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். கெமராவை அதன் வலது பக்கத்தில் மாட்டினால் பூட்டிக்கொள்ளும், விரலால் அழுத்தினால்தான் விடும். அவள் கட்டிக் குனிந்தாள், நிமிர்ந்தாள், உலுப்பிப் பார்த்தாள். கழலவில்லை. கையில் எடுக்கும்போது நழுவாமல் இருக்க மணிக்கட்டில் போடும் வார் ஒன்றும் கேட்டு வாங்கினாள்.

பஸ்ஸில் மர்ஸூக் மெதுவாகக் கேட்டான்: "என்னத்துக்கு அவருக்கிட்ட சொன்னீங்க?"

"சொல்லாட்டி அந்தக் குறுக்கு பெல்ட்டத்தானே வாங்கியிருப்பம். நோவு எனக்குத்தான்."



கல்யாணத்தன்று களப்பில் காற்று. படகு ஆடியபோது பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கெமரா இடுப்போடு இருந்தது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் மணப்பெண்ணைப் பாயில் இருத்தி, தான் கதிரையில் இருந்து படம் எடுத்தாள். ஏன் இடுப்பில் கட்டியிருக்கிறாய் என்று பெண்கள் கேட்டார்கள். மறைக்காமல் சொன்னாள்.

திரும்பும் நேரம் மணப்பெண்ணின் மாமி றஹ்மா அவளைத் தனியே கூப்பிட்டாள். தன் மார்பிலும் ஒரு கட்டி இருப்பதாகவும், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொல்லி அழுதாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னாள் ஃபஹ்மியா.

அன்றிரவு அதை மர்ஸூக்கிடம் சொன்னாள். மறுநாள் காலையில் றஹ்மா வந்து இறங்கியபோது, த்ரீவீல் ஒன்றோடு படகுத்துறையில் காத்து நின்றவன் அவன்தான்.