மூன்றாவது ஓலை

ஊதா நிறப் பீடத்துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். பூச்சி உருண்டை ஒன்று தெறித்து ஓடி அந்தோனியம்மாவின் காலடியில் நின்றது. கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன் கோயிலில் ஆயத்தம் அப்போதே ஆரம்பமாகிவிடும். துணி துவைப்பது, நான்கு மெழுகுவர்த்தி வைக்கும் வளையத்துக்கு சைப்பிரஸ் கிளை வெட்டுவது எல்லாம் பெண்கள் பொறுப்பு. மனதைத் துவைக்கச் சொல்வது என் பொறுப்பு. முப்பத்தொரு வருடமாக நான் இங்கே உபதேசியார். ஃபாதர் டவுனிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவதும் அறிவித்தல் வாசிப்பதும் நான்.

ஒவ்வொரு வருடமும் சொல்வதையே அன்றும் சொன்னேன். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு முதலில் நீங்களாகப் போங்கள், அதன்பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள் என்றேன்.

"நாங்க போயிருவோம், உபதேசியாரே" என்றாள் அந்தோனியம்மா. "மூணாம் லயத்துக்கு யாரு போறது? பாதையில முள்ளு கிள்ளு கெடக்கா?"

மற்றப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"வேலையப் பாரு" என்றேன்.

தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கீழே உள்ள மூன்றாம் லயத்தில்தான் என் மகள் ஷிராணி இருக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன் பேச்சியம்மாவின் மகன் நிரஞ்சனை டவுனில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு இதே தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். அவர்கள் சைவர்கள். என் அப்பா இந்தத் தோட்டத்தின் பெரிய கங்காணி. கோயில் வாசலுக்கு மேலே உள்ள கல்லில் அவர் பெயர் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பீடத்துக்கு முன் நிற்காமல் யாரும் குடித்தனம் தொடங்கியதில்லை. அவள் வந்த அடுத்த ஞாயிறு அறிவித்தல்களை வாசித்து முடித்தபின், எனக்கு மகள் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் மனைவி ஆக்னேஸ் இறந்தபோதுகூட அந்த வார்த்தையை நான் திரும்பப் பெறவில்லை. ஷிராணி கோயிலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வெளியே நின்று செபத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு அவளுடைய மகள் டிலுக்ஷி முதல்நன்மை வாங்கப் போகிறது. பிள்ளையோடு தானும் நற்கருணை வாங்க வேண்டும் என்பது ஷிராணியின் ஆசை. அதற்கு அவளுடைய கல்யாணத்தை ஃபாதர் கோயிலில் மந்திரித்து ஆசீர்வதிக்க வேண்டும். நிரஞ்சன் சம்மதித்துவிட்டான். சைவரை மணக்க மேற்றிராணியாரின் அனுமதியும் வந்துவிட்டது. திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பங்கில் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே அதற்கு முந்திய சனிக்கிழமையை ஃபாதர் குறித்திருந்தார். அதற்குள் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாக வேண்டும். இன்னாரின் மகன் இன்னாரின் மகளை மணக்க இருக்கிறார், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லவும் என்று சபைக்கு அறிவிப்பதே ஓலை.

இரண்டு ஓலையை ஃபாதரே வாசித்துவிட்டார். "காலஞ்சென்ற ஆக்னேசின் மகள் ஷிராணி" என்றுதான் இரண்டு தடவையும் வாசித்தார். பீடத்தருகே நின்ற என் பக்கம் அத்தனை தலைகளும் திரும்பின. எங்கள் ஓலைகளில் தகப்பன் பெயர் விடுபட்டு நான் கேட்டதில்லை. செத்துப்போன தகப்பனுக்கும் அதில் ஒரு இடம் உண்டு. நான் உயிரோடு நிற்கிறேன்.

புதன்கிழமை ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். கோபப்பட்டதையும் இரண்டு நாள் செபமாலை சொல்லாததையும் சொன்னேன். "வேற ஏதாவது, ஐயா?" என்றார். இல்லை என்றேன். எல்லாம் முடிந்து ஜீப்பில் ஏறுமுன் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கிறிஸ்து அரசர் திருநாள். நான் டவுன் கோயில்ல இருப்பேன். மூணாவது ஓலைய நீங்கதான் வாசிக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க ஐயா. வாசிக்காம விட்டா கல்யாணம் ஜனவரிக்குப் போயிரும். புள்ள மட்டும் தனியா நன்மை வாங்கும்."

"இதுல என் பேரு ஏன் இல்ல, ஃபாதர்?"

"ஷிராணிதான் எழுத வேணாம்னு சொன்னாங்க."

அன்று சாயங்காலமே மூன்றாம் லயத்துக்குப் போனேன். சமாதானம் பேசப் போகவில்லை. கேட்கப் போனேன். பேச்சியம்மா வாசலில் உட்கார்ந்து போஞ்சி நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்மந்தி. மேல் லயத்துலருந்து பதினோரு வருசமாவா நடந்து வந்தீங்க? கால் வலிக்கும், ஒக்காருங்க."

"நிக்கிறேன்."

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஷிராணி வந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. என்னைக் கண்டதும் நின்றாள். பிறகு படங்கை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். ஆக்னேசைப் போலவே அவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. முப்பத்தாறு வயதுதான்.

"ஓலையில என் பேர ஏன் விட்ட?"

"மக இல்லன்னு கோயில்ல எல்லார் முன்னாடியும் சொன்னீங்களேப்பா. ஓலையில பொய் எழுதக் கூடாதுன்னும் நீங்கதான் சொல்லுவீங்க. நான் என்னான்னு எழுதுறது?"

"ஊரே என்னையப் பாக்குது."

"என்னையும் பாத்துச்சுப்பா. பதினோரு வருசமா."

அவள் குரல் உயரவில்லை. பேச்சியம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "சண்டைய அப்பறம் போடலாம், சூடு ஆறிரும்" என்றார். கோப்பை சூடாகத்தான் இருந்தது. குடிக்காமல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமைவரை அந்தத் தாள் என் வேதாகமத்துக்குள் கிடந்தது. வாசிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் என்னை யாரும் கேட்கப் போவதில்லை. மறந்துபோச்சு என்று ஃபாதரிடம் சொல்லலாம். எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்கலாம், அதிலும் குற்றமில்லை. என் பெயரைச் சேர்த்து வாசித்தால், அதே இடத்தில் அதே சனங்களுக்கு முன்னால் சொன்ன வார்த்தை போகும். சேர்க்காவிட்டால் என் பெயர் போகும். என் வார்த்தையும் என் பெயரும் ஒன்றுதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒன்றைக் காப்பாற்ற மற்றதைக் கொடுக்க வேண்டிவரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் கோயில் நிறைந்திருந்தது. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் ஒளிவிழா ஒத்திகை நேரத்தை வாசித்தேன். அடுத்த ஞாயிறு முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பத்தின் பெயரை வாசித்தேன். பிறகு தாளை எடுத்தேன்.

"காலஞ்சென்ற கணேசமூர்த்தி, பேச்சியம்மா ஆகியோரின் மகன் நிரஞ்சன்" என்று வாசித்தேன்.

அடுத்த வரியில் ஃபாதரின் கையெழுத்து தெளிவாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு எழுத்துத் தெரியாது.

"அந்தோனி டக்ளஸ், காலஞ்சென்ற ஆக்னேஸ் ஆகியோரின் மகள் ஷிராணி."

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது போலத்தான் சொன்னேன். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று முடித்துவிட்டு, முறைப்படி சற்று நேரம் காத்து நின்றேன். இந்தக் கல்யாணத்துக்கு இதுவரை தடை சொன்ன ஒரே ஆள் நான்தான். அந்தோனியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள்.

அடுத்து மன்றாட்டைத் தொடங்க வேண்டும். பக்கம் எடுக்கத் தெரியாமல் நின்றேன். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வாசல் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. பனிமூட்டத்தின் முன்னால் ஒரு உருவம் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒரு காலின் செருப்பைக் கழற்றியது. மற்றக் காலைத் தூக்கி அப்படியே நின்றது.