மண்டபம் மட்டும் திறக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சின்னவள் மேசை டிராயரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தாள். அக்கா அதை அங்கே வைத்துவிட்டுப் போய் நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்தன. உள்ளங்கை அளவு, கறுப்பு ரப்பர் உறை, ஒரு முழத்துக்கும் குறைவான வயர். அதற்குள் பத்து வருடச் சத்தம் இருந்தது.

அக்காவின் தொழில் பின்னணி இசை. விளம்பரம், குறும்படம், பள்ளி ஆண்டு விழாக் காணொளி, எது வந்தாலும் செய்வாள். அவளுடைய கம்ப்யூட்டரில் இடம் போதாது. அதனால் இந்த அறைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள்: பாட்டு கம்ப்யூட்டரில், சத்தங்கள் டிஸ்க்கில். முரசின் ஓர் அடி, தந்தியின் ஒரு மீட்டல் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டாக டிஸ்க்கில் கிடக்கும். பாட்டு தனக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டுகளைத்தான் சாம்பிள் என்பார்கள். பாதி வாங்கியவை, மீதி வீட்டிலேயே பிடித்தவை. அப்பாவின் குறட்டையை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி ஒரு சிமென்ட் விளம்பரத்துக்கு அடியில் ஓட விட்டிருந்தாள். டிவியில் அது வரும்போதெல்லாம் அப்பா, "என்ன கம்பீரம் பாரு!" என்பார். இன்றுவரை யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. டிஸ்க்கைச் சும்மா பிடுங்கக் கூடாது. கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, அது சரி என்ற பிறகுதான் வயரை எடுக்க வேண்டும். "போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான்டி கிளம்பணும், டிஸ்க்கா இருந்தாலும்" என்பாள் அக்கா.

கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். ஆபீசுக்குப் போவதுபோல் தினமும் ஒன்பது மணிக்கு இந்த அறைக்கு வந்துவிடுவாள். சின்னவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஞாயிறு மட்டும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டைச் செய்துவந்தார்கள். யாரும் கேட்காத பாட்டு. யாருக்கும் கொடுக்க வேண்டிய தேதியும் கிடையாது. ஒன்றரை வருடமாக அது முக்கால்வாசியிலேயே நின்றது.

பிறகு அக்காவின் கணவருக்கு மாற்றல் வந்தது. பன்னிரண்டு மணி நேர ரயில் தூரம்.

மூட்டை கட்டிய அன்று சின்னவள் கதவோரம் நின்றாள். அக்கா ஸ்பீக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டே, "உனக்கு எதாவது வேணுமா, சொல்லு" என்றாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. எனக்கு ஒண்ணும் வேணாம்." சொல்லிவிட்டு இரும்பு பீரோவின் கதவை அறைந்து சாத்தினாள்.

"ஐயோ, இதை ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டேனே!" என்று அக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் சின்னவளுக்கு ஆகவில்லை. நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனவள், ரயில் கிளம்பும் நேரம்வரை பாட்டில்களில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். டிஸ்க்குக்குச் சொல்லும் விடையைக்கூட அக்காவுக்குச் சொல்லவில்லை.

அதன்பின் அக்கா அம்மாவின் போனுக்குத்தான் பேசுவாள். அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு, "எப்படி இருக்கேன்னு கேக்குறா" என்பாள். "இருக்கேன்னு சொல்லு" என்று சமையலறையிலிருந்து பதில் போகும். "ரெண்டு பேரும் என்னைத் தபால்காரியாக்கிட்டீங்க" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

நேற்றும் அப்படித்தான். பேசி முடித்துப் போனை வைத்த அம்மா, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள். "போய் நாலு மாசம் ஆச்சு, கம்ப்யூட்டர் பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையாம். எதுக்கு, யாருக்குன்னு கேக்குறா."

அக்காவால் எதுக்கு என்று கேட்க முடியும் என்பதே சின்னவளுக்குப் புதிதாக இருந்தது. இரவெல்லாம் அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. காலையில் டிராயரைத் திறந்தாள்.

தன் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினாள். வயர் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்ததும் டிஸ்க்கின் விளக்கு மினுங்கியது. அக்கா சட்டத்தை மீறி டிஸ்க்கிலேயே ஒரு பிரதி போட்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைத் திறந்தாள். பாட்டுக்குப் பதிலாக ஒரு நீளமான பட்டியல் வந்தது. நாற்பத்தொரு சத்தங்களைக் காணவில்லை என்றது கம்ப்யூட்டர்.

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. வெறும் டிஸ்க்கையா வைத்துவிட்டுப் போனாள்? பிறகு பட்டியலைப் படித்தாள்.

தங்கச்சி_தும்மல்_02. தங்கச்சி_படியில_ஓட்டம். தங்கச்சி_ஸ்பூன்_கீழ_போட்டா. தங்கச்சி_கோபம்_01. தங்கச்சி_கோபம்_02. தங்கச்சி_கோபம்_03.

நாற்பத்தொன்றில் இருபத்தாறு அவளுடையவை. தும்மலைப் பிடித்தது அவளுக்குத் தெரியும், அதற்காக ஒரு நாள் சண்டை போட்டிருக்கிறாள். மற்றவற்றை எப்போது பிடித்தாள்? ஸ்பூன் கீழே விழுந்ததற்கெல்லாமா மைக் வைப்பார்கள்? எல்லாம் அவளுடைய சத்தம், ஆனால் ஒன்றையும் கேட்க முடியவில்லை. பெயர்களை மட்டும் மேலிருந்து கீழாக மூன்று தடவை படித்தாள்.

கோளாறு சின்னதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் வெளியிலிருந்து வரும் டிஸ்க்குக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைக்கும். அக்காவின் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து, இவளுடையதில் வேறு. பாட்டு பழைய விலாசத்தில் போய்க் கதவைத் தட்டிவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பியிருக்கிறது. சின்னவள் தேடிப்பார்த்துச் சரியான இடத்தைக் காட்டினாள். பட்டியல் மளமளவென்று குறைந்து காலியானது.

சத்தங்கள் போக இன்னொன்றையும் காணவில்லை என்றது கம்ப்யூட்டர். மண்டபம்.

அது சாம்பிள் இல்லை, ப்ளகின். சத்தத்தை வாங்கி அதற்கு ஒரு தன்மையைக் கொடுக்கும் சின்ன மென்பொருள். அதன் அசல் பெயர் வாயில் நுழையாது. எந்தச் சத்தத்தையும் பெரிய கல் கூடத்துக்குள் கேட்பதுபோல் நீட்டி முழங்க வைப்பதால் அக்கா அதற்கு மண்டபம் என்று பெயர் வைத்திருந்தாள். அது இல்லாமல் பாட்டை ஓடவிட்டாள் சின்னவள். நடுவில் முரசுபோல் அதிர வேண்டிய இடத்தில் தங்கச்சி_கோபம்_03 'டப்' என்றது, என்றோ ஒரு சண்டையில் அவள் அறைந்து சாத்தியது. பீரோக் கதவு. வெறும் பீரோக் கதவு.

டிஸ்க்கைத் துழாவினாள். 'ப்ளகின் எல்லாம்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் மண்டபமும் இருந்தது. இரண்டு தடவை தட்டியதும், இந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமம் இல்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு எழுந்தது.

அக்கா இதை ஏன் டிஸ்க்கில் போட்டாள் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. சாம்பிளைப் பாத்திரம்போல் எந்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். ப்ளகின் அப்படி வராது. அதை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முறையாக நிறுவ வேண்டும். உரிமமும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். இது அக்காவுக்குத் தெரியாதா? குறும்படக்காரர் ஒருவர் இப்படித்தான் ப்ளகின்களை டிஸ்க்கில் அள்ளிக்கொண்டு வந்தபோது, "சார், நாற்காலியைக் கழட்டிட்டு வந்து பஸ் ஓட்டப் பாக்குறீங்க" என்று கிண்டல் செய்தவள் அக்கா.

சின்னவள் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். இந்த முறை எண்ணைத் தட்டிவிட்டாள்.

"என்னடி, அம்மா போன் ரிப்பேரா?" என்றது அக்காவின் குரல்.

"இல்ல. டிஸ்க்கைத் திறந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. "ம். இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"மண்டபம் திறக்கல."

"திறக்காது."

"தெரிஞ்சேதான் காப்பி பண்ணியா? மொத்த ஃபோல்டரையும்? உனக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?"

அந்தப் பக்கம் பாத்திரம் மறுபடி நகர்ந்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போன்னு சொன்னல்ல. எதையும் எடுத்துட்டுப் போயிட்டேன்னு உனக்குத் தோணக் கூடாதுன்னு இருந்துச்சு. வேலை செய்யுமா செய்யாதான்னு யார் பார்த்தா... இருக்கட்டும்னு போட்டேன்."

சின்னவள் ரப்பர் உறையின் ஓரத்தை நகத்தால் நெருடினாள். "ஸ்பூன் விழுந்ததை எப்பக்கா ரெக்கார்ட் பண்ண?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ பரீட்சைக்குப் படிச்சப்ப. தூங்கிட்டே சாப்பிட்ட. மூணு தடவை விழுந்துச்சு, மூணாவதுதான் சுத்தமா இருந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா தொழில் குரலுக்கு வந்தாள். "சரி, ஒண்ணு செய்யலாம். பெட்டியைப் பிரிச்சு, என் சிஸ்டத்துல மண்டபத்தோட உரிமத்தை விடுவிச்சிடுறேன். பத்து நிமிஷ வேலை. நீ உன்னோடதுல போட்டுக்க. பாட்டை முடிச்சிடு."

"உனக்கு?"

"எனக்கு எதுக்குடி? இங்க யாரு கேக்கப் போறா?"

பத்து நிமிட வேலை. பாட்டு முழுசாகக் கேட்கும். முரசு முரசாக அதிரும். அதற்காகத்தானே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்? சரி என்று சொன்னால் போதும். அங்கே அந்தப் பெட்டி ஒரே ஒரு தடவை திறக்கும், அதன்பின் திறப்பதற்குக் காரணமே இருக்காது.

"வேணாம்" என்றாள் சின்னவள்.

"ஏன்?"

"எனக்கு அதை ஓட்டத் தெரியாது."

"நாலு திருகுதான்டி, நான் சொல்லித் தரேன்."

"சொல்லித் தர வேணாம். நீயே போடு. பாட்டுக்கு வேண்டிய சத்தம் எல்லாத்தையும் மூட்டை கட்டி அனுப்புறேன். மண்டபத்தைப் போட்டு, அதுல கேக்குற சத்தத்தையே பதிஞ்சு திருப்பி அனுப்பு. அதுக்கு இங்க உரிமம் வேணாம்ல."

"நான் சொல்றதைக் கேளு..."

"நீ முதல்ல பெட்டியைப் பிரி அக்கா." சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனாள். பிறகு நினைவு வந்து மறுபடி காதில் வைத்தாள். "போயிட்டு வரேன்" என்றாள்.

"போயிட்டு வா" என்றாள் அக்கா.

நாற்பத்தொரு சத்தங்களையும் பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்ப மதியம் இரண்டு மணி ஆனது. அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி, யார்கிட்ட பேசின?"

"தபால்காரிக்கு இன்னைக்கு லீவு" என்றாள் சின்னவள்.

திங்கள் ஒன்றும் வரவில்லை. செவ்வாயும் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறுவதற்குக் காத்திருப்பது அவளுடைய வேலை. காத்திருப்பதில் தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தாள். புதன்கிழமை ஒரே பாட்டிலை இரண்டு தடவை சோதித்தாள். பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் இருக்கும், அவசரப்பட்டு உரிமத்தை மறுத்துவிட்டோம், இனி பாட்டும் இல்லை அக்காவும் இல்லை என்று மனசு ஓடியது.

வியாழன் மாலை வேலை முடிந்து வந்தபோது வந்திருந்தது. ஒரு வரி கடிதம்கூட இல்லை, பாட்டும் மண்டபம் போட்டுப் பதிந்த சத்தங்களும் மட்டும்.

செருப்பைக் கழற்றிய கையோடு டிஸ்க்கைச் செருகித் திறந்தாள். மறுபடி அந்தப் பட்டியல். இந்த முறை ஒரே ஒரு வரி. காணவில்லை: புது_வீடு_கதவு_01.

சின்னவள் அந்தப் பெயரை மறுபடி படித்தாள். அந்தப் பெயரில் டிஸ்க்கில் எதுவும் இருந்ததில்லை. அனுப்பிய மூட்டையிலும் இல்லை. அக்கா பெட்டியைப் பிரித்திருக்கிறாள். மைக்கை வெளியே எடுத்திருக்கிறாள். அந்த வீட்டின் ஏதோ ஒரு கதவருகே அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிடித்ததைப் பாட்டில் சேர்த்துவிட்டு, அந்தச் சத்தத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அனுப்பியிருக்கிறாள். இந்த அறைக்கு வந்துபோன எத்தனையோ பேர் செய்த தப்பு. அக்கா செய்து அவள் பார்த்ததில்லை.

பாட்டை ஓடவிட்டாள். தங்கச்சி_கோபம்_03 விழுந்தது. மண்டபம் அதை வாங்கி, உயரே தூக்கி, சுவரெல்லாம் உருட்டி, மெல்லக் கீழே விட்டது. நான்கரை நொடி. அதன்பின், இதுவரை பாட்டில் இல்லாத ஓர் இடம் வந்தது. கதவு இருக்க வேண்டிய இடம். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நொடி கழித்துப் பாட்டு தொடர்ந்தது.

அவள் பின்னால் போய் அந்த இரண்டு நொடியை மறுபடி கேட்டாள். இரும்புக் கதவா, மரக் கதவா? திறக்கிற சத்தமா, சாத்துகிறதா? ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள்.

பிறகு, தன் போனிலேயே, அக்காவைக் கூப்பிட்டாள்.